கிளாசிக் 350: சைலன்சர் மாற்றியும் மேட்டில் ஏன் முக்குகிறது?

மேட்டுச்சாலை350 | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். என்னிடம் இருப்பது 2022 மாடல் கிளாசிக் 350, ஜே சீரிஸ் இன்ஜின், 21,000 கிமீ ஓடியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு கடையில் 4,800 ரூபாய்க்கு ஸ்ட்ரெயிட் த்ரூ சைலன்சர் வாங்கிப் போட்டேன். பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்கு வளைந்து வரும் குழாய்) பழையதுதான். பின்னால் மாட்டும் சைலன்சர் மட்டும் புதிது. "கம்பெனி சைலன்சர் மூச்சை அடைச்சு வச்சிருக்கும் தம்பி, இதைப் போட்டா ரெண்டு மூணு ஹெச்பி தானா ஏறும்" என்றார் கடைக்காரர்.

முதல் இரண்டு நாள் வண்டி பறக்கிற மாதிரிதான் இருந்தது. அப்புறம் போன வாரம் நானும் நண்பனும் போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறினோம். அவனுடையதும் கிளாசிக் 350, அதே வருஷம், எதையும் மாற்றாத வண்டி. 17 கொண்டை ஊசி வளைவு. வழக்கமாக இரண்டாவது கியரில் வளைவைத் திருப்பி, வெளியே வந்ததும் மூன்றாவது போட்டுவிடுவேன். வண்டி அடித்தொண்டையில் டப டப என்று இழுத்துக்கொண்டு போகும். இந்த முறை மூன்றாவது போட்டால் முக்குகிறது. மறுபடி இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருந்தது. அவன் மூன்றாவதிலேயே என்னைத் தாண்டி மேலே போய் நின்றான். எடையில் அவன் என்னைவிட எட்டு கிலோ கூட.

இன்னொன்று, ஆக்சிலரேட்டரை விட்டால் சைலன்சரில் படபடவென்று பட்டாசு வெடிக்கிறது. 36 கொடுத்துக்கொண்டிருந்த மைலேஜ் 31-க்கு வந்துவிட்டது.

சத்தம் ஏறியிருக்கிறது, பவர் ஏறியிருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேத்பட்டறை | ஞாயிறு, இரவு 10.25

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். சைலன்சரை மாட்டும்போது பெண்ட் பைப்பை அசைத்தார்களா? சிலிண்டர் ஹெட்டில் பைப் சேரும் இடத்தில் கறுப்பாகக் கரி வடிந்த தடம் இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பட்டாசுக்கும் மைலேஜுக்கும் அங்கேதான் பதில் இருக்கும் என்று தோன்றுகிறது.

இனி பவர் விஷயம். கோவையில் 22 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்கில் ஓடும் பசங்களுக்குப் பைப் வளைத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் சைலன்சரே சும்மா என்று சொல்லும் ஆள் இல்லை நான். ஆனால் எந்த இன்ஜினில் போடுகிறோம் என்பதுதான் முக்கால்வாசி விஷயம்.

உங்கள் இன்ஜின் 349 சிசி. போர், அதாவது சிலிண்டர் விட்டம், 72 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 85.8. நீள ஸ்ட்ரோக் இன்ஜின். 6,100 ஆர்பிஎம்மில் 20.2 பிஎச்பி, 4,000 ஆர்பிஎம்மிலேயே 27 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவை). கேம் (வால்வைத் திறந்து மூடும் தண்டு), வால்வு, த்ராட்டில் பாடி எல்லாமே கீழ் ஆர்பிஎம்மில் இழுக்க வேண்டும் என்று முடிவு செய்து வைத்தவை.

கம்பெனி சைலன்சர் மூச்சை அடைக்கிறதா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6,100 ஆர்பிஎம்மில் இந்த இன்ஜின் நொடிக்கு ஏறக்குறைய 15 லிட்டர் காற்றை இழுக்கும். வெளியே வரும்போது அது 500 டிகிரி சூட்டில் விரிந்து 40 லிட்டர் ஆகிறது. 35 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் அந்த 40 லிட்டர் போக, சராசரி வேகம் நொடிக்கு 40 மீட்டர் சொச்சம் போதும். இது ஒரு பெரிய வேகமே இல்லை. 20 குதிரை வெளியேற்றும் புகைக்கு வாசல் தாராளமாகவே இருக்கிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் வாசலை இன்னும் அகலப்படுத்தினால் கூட்டம் சீக்கிரம் போய்விடாது. உள்ளே வரும் கூட்டமே அவ்வளவுதான்.

காத்துவாக்கில் | திங்கள், காலை 7.10

லேத் அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். மூக்கை ஒரு பக்கம் அடைத்துக்கொண்டு ஓடிப்பாருங்கள், முழுசாகத் திறந்துகொண்டு ஓடிப்பாருங்கள். வித்தியாசம் தெரியாதா? என்னுடையது பழைய 346 சிசி கார்புரேட்டர் வண்டி. ஷார்ட் பாட்டில் என்கிற குட்டை சைலன்சர் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. கழற்றி ஒரிஜினலை மாட்டினால் அன்றைக்கு வண்டி செத்த மாதிரி இருக்கும். ஆறு வருஷமாகத் தினமும் ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா?

பேக் பிரஷர் (புகை வெளியேறுவதற்கு எதிரான அழுத்தம்) இல்லாவிட்டால் டார்க் போய்விடும் என்றும் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியென்றால் அடைப்பு நல்லதா கெட்டதா? இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாதே.

லேத்பட்டறை | திங்கள், மதியம் 1.50

காத்துவாக்கில், நல்ல இடத்தில் பிடித்தீர்கள். "இன்ஜினுக்கு பேக் பிரஷர் வேணும்" என்பது பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக வருகிற தப்பான பேச்சு. என் குருநாதரும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். எந்த இன்ஜினுக்கும் எதிர் அழுத்தம் நல்லதில்லை. இன்ஜினுக்கு வேண்டியது சரியான நேரத்தில் வரும் அலை.

எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் நொடியில் சிலிண்டருக்குள் இன்னும் 3 முதல் 5 பார் அழுத்தம் இருக்கும். அது ஒரே அறையாகப் பைப்புக்குள் பாயும். புகை பின்னால்தான் வரும், அழுத்த அலை முன்னால் ஓடிவிடும். அலையின் வேகம் அந்தச் சூட்டில் ஒலி போகும் வேகம், நொடிக்குச் சுமார் 550 மீட்டர். அந்த அலை பைப் திறந்த இடத்தை அடைந்ததும், உள்ளே திரும்பி ஓடும் ஓர் உறிஞ்சல் அலையாக மாறும். கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் திரும்பி வருவது போலத்தான், ஆனால் தலைகீழாக. தள்ளப் போனது இழுக்க வருகிறது.

அந்த உறிஞ்சல், இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் கொஞ்ச நேரம் சேர்ந்து திறந்திருக்கும் ஓவர்லேப் நேரத்தில் வந்து சேர்ந்தால் ஜாக்பாட். மிச்சப் புகையை இழுத்து வெளியே போட்டு, புதுக் கலவைக்கும் ஒரு கை கொடுக்கும். அதே நேரத்தில் அழுத்த அலை வந்து சேர்ந்தால் புகை திரும்ப உள்ளே போகும். இரண்டும் ஒரே பைப்பில், வெவ்வேறு ஆர்பிஎம்மில் நடக்கும். டைனோ (பவர் அளக்கும் மெஷின்) வரையும் கோடு ஓரிடத்தில் புடைத்து இன்னோரிடத்தில் குழிவது இதனால்தான்.

இப்போது நம்ம 350-க்கு வருவோம். வால்வு திறப்பதிலிருந்து ஓவர்லேப் வரை கிராங்க் தோராயமாக 240 டிகிரி சுற்ற வேண்டும். 4,000 ஆர்பிஎம்மில் அதற்கு 10 மில்லி செகண்ட் ஆகும். அந்த நேரத்தில் அலை ஓடும் தூரம் ஐந்தரை மீட்டர். போய் வர என்றால் பைப் நீளம் 2.75 மீட்டர் இருக்க வேண்டும்! வண்டியைவிட நீளமான பைப். 12,000 ஆர்பிஎம் சுற்றும் ரேஸ் பைக்குக்கு இதே கணக்கில் 90 சென்டிமீட்டர் சொச்சம்தான் வரும், அது வண்டிக்குள் அடங்கும். ரேஸ் பைக்கில் பைப் மாற்றினால் குதிரை ஏறுவதற்கும், நம்ம வண்டியில் ஏறாததற்கும் பாதிக் காரணம் இந்த நீளக் கணக்கு.

அதற்காக நம்ம வண்டியில் அலையே வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. ஒரு முறைக்கு இரண்டு மூன்று முறை போய் வந்த, பலம் குறைந்த அலையை வைத்துக் கம்பெனிக்காரன் சமாளிக்கிறான். சென்ற வருஷம் ஒரு பழைய சைலன்சரைக் கிரைண்டரில் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். உள்ளே குறுக்குத் தகடு வைத்து மூன்று அறை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு விரல் தடிமனில் ஓட்டை போட்ட குழாய்கள். புகை முன்னால் போய், பின்னால் திரும்பி, மறுபடி முன்னால் போய்த்தான் வெளியே வரும். அந்த முதல் அறை பெரிதாக இருப்பதால் அலைக்கு அதுவே "திறந்த வாய்". ஸ்ட்ரெயிட் த்ரூ சைலன்சரில் அறை கிடையாது, ஓட்டைக் குழாயைச் சுற்றி கிளாஸ்வூல் மட்டும். அலைக்கு வாய் என்பது கடைசி நுனிக்குத் தள்ளிப் போகிறது. பைப்பின் நீளமே மாறிவிட்ட மாதிரி. எந்த ஆர்பிஎம்மில் உதவி, எந்த ஆர்பிஎம்மில் உபத்திரவம் என்ற கணக்கு முழுவதும் இடம் மாறிவிடும். மேட்டுச்சாலை தம்பியின் வண்டி 2,000, 2,500 ஆர்பிஎம்மில் முக்குவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆர்எக்ஸ்94 | திங்கள், மாலை 6.15

நடுவில் ஒரு டூ ஸ்ட்ரோக்காரன் பேசலாமா? என்னுடையது 94 மாடல் ஆர்எக்ஸ் 100. அப்பா வாங்கியது. 98 சிசி, 7,500 ஆர்பிஎம்மில் 11 பிஎச்பி. நம்ம ஊரில் "சைலன்சர் மாத்தினா வண்டி பிச்சுக்கும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்றால் எங்களிடமிருந்துதான் என்பேன். டூ ஸ்ட்ரோக்கில் அது உண்மை.

எங்களுக்கு உங்களுடையது மாதிரி இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் போர்ட் என்கிற ஓட்டைகள்தான். புதுக் கலவை உள்ளே வரும் நேரத்தில் எக்ஸாஸ்ட் போர்ட்டும் திறந்தே கிடக்கும். அப்படியே விட்டால் பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே ஓடிப்போய்விடும். முதலில் அகன்று, பின்னால் குறுகும் வயிறு மாதிரியான பைப்பில், அகலும் பகுதி உறிஞ்சும், குறுகும் பகுதி அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, வெளியே ஓடின கலவையைப் போர்ட் மூடுவதற்குள் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். சைலன்சரே பாதி இன்ஜின்.

இதை அலசி ஆராய்ந்து உச்சத்துக்குக் கொண்டுபோனவர் கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனியின் இன்ஜினியர் வால்டர் காடன். 1961-இல் அவருடைய 125 சிசி ரேஸ் இன்ஜின் 25 பிஎச்பி கொடுத்தது. லிட்டருக்கு 200 குதிரை, டர்போ எதுவும் இல்லாமல். அந்த வருஷம் ஸ்வீடன் ரேஸோடு அவருடைய ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிப் போய் சுசுகியில் சேர்ந்தார். அடுத்த வருஷமே சுசுகியில் 50 சிசி உலக சாம்பியன். ஒரு பைப்பின் வடிவம் ரகசியமாக எல்லை தாண்டிப் போன கதை அது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

என் வண்டியில் நான் செய்வது ஒன்றே ஒன்று. வருஷத்துக்கு ஒரு முறை பின்னால் இருக்கும் பேஃபிளை (சத்தத்தை அடக்கும் ஓட்டைக் குழாய்) உருவி எடுப்பேன். தாரில் முக்கின கரும்பு மாதிரி வரும். அடுப்புக்கரி நெருப்பில் போட்டுப் பழுக்க எரித்து, ஆறினதும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் ஓட்டை ஒவ்வொன்றாகக் கண் திறக்கும். சைலன்சர் உள்ளே காஸ்டிக் சோடா கரைசல் ஊற்றி ஒரு ராத்திரி ஊற வைக்க வேண்டும். (கையுறை போடுங்கள், அலுமினியப் பாகம் எதிலும் படக் கூடாது, அரித்துவிடும்.) மாட்டி உதைத்தால் வண்டி பத்து வயது குறைந்து நிற்கும். அது புதுப் பவர் இல்லை, கரி தின்றுகொண்டிருந்த பழைய பவர்.

பேஃபிளையே கழற்றி வீசிவிட்டு ஓட்டுபவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. சத்தம் கூடும், கீழே இழுவை செத்துப்போகும். வண்டியை அடித்து ஓட்டி அடித்து ஓட்டி பிஸ்டனும் போய்விடும்.

மேட்டுச்சாலை350 | திங்கள், இரவு 9.05

லேத் அண்ணா, பகலில் டார்ச்சும் அடித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன இடத்திலேயே, ஹெட்டில் பைப் சேரும் விளிம்பில், அடிப்பக்கமாக விரல் அகலத்துக்குக் கரித் தடம். தொட்டால் மை மாதிரி ஒட்டுகிறது. கடையில் மாட்டும்போது கிளாம்ப் வரவில்லை என்று பெண்ட் பைப்பைப் பிடித்து ஆட்டினார்கள். அது நினைவிருக்கிறது.

வரைபடம்147 | திங்கள், இரவு 10.30

அப்படியென்றால் உங்களுக்கு இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். நான் இன்ஜின் கேலிப்ரேஷன் வேலை பார்க்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பிஎஸ்6 வண்டியில் பைப்பில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. கலவை காற்று 14.7-க்குப் பெட்ரோல் 1 என்ற புள்ளியைத் தாண்டும்போது அதன் வோல்டேஜ் 0.45-ஐ ஒட்டி மேலும் கீழுமாகத் தாவும். சீராக ஓட்டும்போதும் ஐடிலிலும் ஈசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) அதைக் கேட்டுக் கேட்டுப் பெட்ரோலைத் திருத்திக்கொண்டே இருக்கும். பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் இருக்கும் எக்ஸாஸ்ட் கேஸ்கட்டில் கசிவு இருந்தால் என்ன ஆகும்? அழுத்த அலை வரும்போது புகை வெளியே துப்பும். உறிஞ்சல் அலை வரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து "பெட்ரோல் குறைவு" என்று தப்பாகச் சொல்லும். ஈசியூ நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் 31-க்கு வந்தது இப்படித்தான். ஆக்சிலரேட்டரை விடும்போது எரியாத மிச்சமும் இந்தக் காற்றும் சூடான பைப்பில் சேர்ந்தால் வெடிக்கும். அதுதான் உங்கள் பட்டாசு. ஸ்ட்ரெயிட் த்ரூ அதை மறைக்காமல் அப்படியே வெளியே விடுகிறது.

அடுத்தது, முழு ஆக்சிலரேட்டரில். அப்போது ஈசியூ சென்சாரைக் கேட்காது. காற்று எவ்வளவு வருகிறது என்று நேரடியாக அளக்கும் கருவியும் நம்ம வண்டிகளில் இல்லை. த்ராட்டில் நிலை, மேனிஃபோல்ட் அழுத்தம், ஆர்பிஎம் இவற்றை வைத்துக் கம்பெனி எழுதி வைத்த பட்டியலைப் பார்த்து இவ்வளவு பெட்ரோல் என்று ஊற்றும். அந்தப் பட்டியல் கம்பெனி சைலன்சரை மாட்டி எழுதியது. பைப் மாறினால் சிலிண்டர் நிரம்பும் விதம் மாறும், பட்டியல் மாறாது. ஒரு வேளை பைப் கூடுதல் காற்றை இழுத்துக் கொடுத்தாலும், அதற்கு ஏற்ற பெட்ரோல் வராமல் கலவை வெளுத்துப்போகும். பவருக்கு 12.5, 13 என்ற அளவில் கலவை வேண்டும். அதனால்தான் பைப் விற்பவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் கூடவே ரீமேப் (அந்தப் பட்டியலைத் திருத்தி எழுதுவது) பற்றியும் பேசுவார்கள். பேசாதவர் சத்தத்தைத்தான் விற்கிறார்.

காத்துவாக்கில் நண்பரின் கார்புரேட்டர் வண்டியில் இந்த வேலையை மெயின் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளை) மாற்றிச் செய்யலாம். நீங்கள் மாற்றினீர்களா?

காத்துவாக்கில் | செவ்வாய், காலை 6.50

மாற்றினேன். ஷார்ட் பாட்டில் போட்ட அன்றே மெக்கானிக் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டி, பிளக் நிறம் பார்த்து, நீடிலை ஒரு கட்டு ஏற்றி வைத்தார். ஒரிஜினலைத் திரும்ப மாட்டினபோது ஜெட்டைத் திரும்ப மாற்றவில்லை. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. பழைய சைலன்சருக்குப் பெட்ரோல் அதிகமாக ஊற்றிவிட்டு, வண்டி செத்தது என்று சொல்லியிருக்கிறேன்.

இரவுப்பணி | செவ்வாய், காலை 8.20

எனக்கு இன்ஜின் தெரியாது. அண்ணனின் கணக்கில் இதைப் படிக்கிறேன், அவரும் புல்லட்காரர். நான் ஒரு மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் நர்ஸ். எங்கள் வார்டு ரோட்டுப் பக்கம் இருக்கிறது.

இரவு ஒன்றரை மணிக்கு ஒரு வண்டி படபடவென்று போகும். இன்குபேட்டருக்குள் ஒரு கிலோ இரு நூறு கிராம் குழந்தை. இரண்டு கையும் விரிந்து அப்படியே துடிக்கும். மானிட்டரில் இதயத் துடிப்பு ஏறும், ஆக்சிஜன் அளவு 94-லிருந்து 86-க்கு இறங்கும், அலாரம் அடிக்கும். நான் கையை உள்ளே விட்டு, தலையிலும் காலிலும் மெதுவாக அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எண் மேலே வரும் வரைக்கும். வண்டி அதற்குள் இரண்டு தெரு தாண்டியிருக்கும்.

மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அப்படி அறிவித்த இடத்தில் விதிப்படி இரவில் 40 டெசிபல்தான். இதை யாரையும் திட்டுவதற்காக எழுதவில்லை. பவர் ஏறுகிறதா இல்லையா என்று இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறீர்கள், அதனால் சொல்லத் தோன்றியது.

லேத்பட்டறை | செவ்வாய், காலை 9.00

அம்மா, எழுதியதற்கு நன்றி. என் பட்டறையிலிருந்து போன பைப்புகளும் அந்த ரோட்டில் போயிருக்கலாம். டிராக்குக்கு என்று செய்து கொடுத்ததை ஊருக்குள் ஓட்டுகிறார்கள் என்று தெரிந்தும் கேட்காமல் இருந்திருக்கிறேன். இனிமேல் கேட்பேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்குக் கம்பெனி தேர்ச்சி பெற வேண்டிய சத்த அளவு 80 டெசிபல் என்று 2005-இலிருந்து இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 190(2)-இல் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸ் மூன்று மாதம் போகும். டெசிபல் என்பது நேர்க்கோட்டுக் கணக்கும் இல்லை. 10 டெசிபல் ஏறினால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும்.

மேட்டுச்சாலை350 | சனி, மாலை 5.30

ஒரு வேலை செய்து பார்த்தேன். முதலில் அந்த எக்ஸாஸ்ட் கேஸ்கட்டை மாற்றினேன். 100 ரூபாய்கூட ஆகவில்லை. பட்டாசு முக்கால்வாசி நின்றது. இரண்டு நாள் ஓட்டி டேங்க் நிரப்பிப் பார்த்ததில் மைலேஜ் 35.

அப்புறம் சைலன்சரை மட்டும் சோதித்தேன். போடிக்கும் தேனிக்கும் இடையில் சமதளமான நேர் ரோடு. காலை 5.45, வண்டி நடமாட்டம் இல்லாத நேரம், காற்றும் இல்லை. டயர் அழுத்தம் ஒன்றே, அதே ஹெல்மெட், அதே சட்டை. போனில் ஜிபிஎஸ் பதிவு ஓடவிட்டு, நான்காவது கியரில் 40-இல் சீராக ஓட்டி, முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து 80 வரும் வரை. போகும்போது மூன்று, வரும்போது மூன்று. வியாழன் அன்று புது சைலன்சர், வெள்ளி அன்று கம்பெனி சைலன்சர்.

புது சைலன்சர் சராசரி 10.1 செகண்ட். கம்பெனி சைலன்சர் 9.6. 80-லிருந்து 100 வரையும் பார்த்தேன், அதில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

கேட்கும்போது புதுசுதான் வேகமாகப் போவது போல இருந்தது. வியாழன் காலை சத்தியம் செய்திருப்பேன். சத்தம் முதுகைப் பிடித்துத் தள்ளுகிறது. ஆனால் நம்பர் வேறு சொல்கிறது.

எடையும் பார்த்தேன், பழைய பேப்பர் கடைத் தராசில். கம்பெனியுடையது மூன்று கிலோ சொச்சம் கூட.

வரைபடம்147 | சனி, மாலை 6.40

அருமையான வேலை. போன் ஜிபிஎஸ் நொடிக்கு ஒரு தடவைதான் எழுதும், அதனால் அரை செகண்ட் என்பது விளிம்பில் இருக்கும் வித்தியாசம். ஆனால் ஒவ்வொரு சைலன்சரிலும் ஆறு ஓட்டம், ஒரே திசையில் சாய்கிறது. மலையில் நீங்கள் பார்த்ததோடும் ஒத்துப்போகிறது. நம்பலாம்.

மூன்று கிலோ என்பது வண்டி 195, நீங்கள் 70 என்று வைத்தால் நூற்றுக்கு ஒன்று சொச்சம். காலையில் குடித்த தண்ணீரும் மாட்டிய பையும் அதைத் தின்றுவிடும். கடைக்காரர் சொன்ன கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டு, ஒரு குதிரை உண்மையிலேயே ஏறிவிட்டது என்று வையுங்கள். காற்றைக் கிழிக்க வேண்டிய பவர் வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும் (வேகம் இரண்டு மடங்கு என்றால் பவர் எட்டு மடங்கு). 20-க்கு 21 ஆனால் 115 கிமீ வேகம் 117-ஐக்கூடத் தொடாது.

லேத்பட்டறை | சனி, இரவு 8.10

எங்கே பைப் உண்மையாகவே கொடுக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கப் பேச்சாகிவிடும்.

இன்ஜின் மேலே சுற்ற வேண்டும், கேமும் போர்ட்டும் காற்றைக் கொண்டுவரத் தயாராக இருக்க வேண்டும், அப்போது பைப்தான் கடைசித் தடை என்ற நிலை வரும். ரேஸ் பைக்கில் நான் பெண்ட் பைப்பிலிருந்து தொடங்குவேன், சைலன்சரிலிருந்து இல்லை. குழாயின் விட்டம், முதல் நீளம், இரண்டு சிலிண்டர் என்றால் பைப்புகள் சேரும் இடம், இவற்றில்தான் பணம் இருக்கிறது. 20 மில்லிமீட்டர் நீளம் வெட்டினால் டைனோ கோட்டின் புடைப்பு சில நூறு ஆர்பிஎம் நகர்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேலே கொடுத்தால் கீழே எடுத்துக்கொள்ளும். அந்தக் கொடுக்கல் வாங்கலைக் குறைக்கத்தான் 1980களின் பிற்பகுதியில் யமஹா பைப்புக்குள்ளேயே எக்ஸ்அப் என்ற வால்வை வைத்தது. ஆர்பிஎம்முக்கு ஏற்பத் திறந்து மூடும். ஒரே பைப் இரண்டு பைப்பாக வேலை செய்யும்.

650 ட்வின் வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். 47 பிஎச்பி, இரண்டு பக்கமும் கனமான சைலன்சர். அதில் எடை குறைவது உணரும் அளவுக்கு இருக்கும், திருப்பும்போது தெரியும். பவருக்கு என்றால் ஏர் இன்டேக், பைப், ரீமேப் மூன்றும் சேர வேண்டும். சைலன்சர் மட்டும் என்றால் அங்கும் சத்தம்தான்.

டைனோ சீட்டைக் காட்டி யாராவது விற்றால், இரண்டு ஓட்டமும் ஒரே நாளில், ஒரே இன்ஜின் சூட்டில், ஒரே டயரில் எடுத்தார்களா என்று கேளுங்கள். உச்ச எண்ணை மட்டும் காட்டினால் முழுக் கோட்டையும் கேளுங்கள். 2,500-இல் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ரோட்டில் நாம் வாழ்வது அங்கேதான்.

காத்துவாக்கில் | சனி, இரவு 9.15

நான் இன்னும் என் ஷார்ட் பாட்டிலை விரும்புகிறேன், அதை மறைக்கப் போவதில்லை. அந்த டப டப எனக்குப் பிடிக்கும், எங்கள் பெரியப்பாவின் 350 தெருமுனையில் வரும்போதே வீட்டில் காபி தயாராகும். ஆனால் அவருடைய வண்டி மெதுவாக, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். இன்றைக்கு நாம் போடுவது அந்தச் சத்தம் இல்லை. ஒரிஜினல் ஜெட்டை எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் கம்பெனி சைலன்சரோடு சேர்த்துப் போட்டு, தம்பி சொன்ன மாதிரி 40-லிருந்து 80 பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

இரவுப்பணி சகோதரிக்கு: எங்கள் ஊர் அரசு மருத்துவமனை ரோட்டில் நானும் இரவில் போகிறவன்தான்.

மேட்டுச்சாலை350 | ஞாயிறு, இரவு 8.45

இன்று மறுபடி போடிமெட்டு. கம்பெனி சைலன்சர், புதுக் கேஸ்கட். எட்டாவது வளைவில் இரண்டாவதில் திரும்பி, மூன்றாவது போட்டேன். இழுத்தது. நண்பனுக்குப் பக்கத்திலேயே மேலே வரை. மேலே போய் இன்ஜினை அணைத்தபோது பைப் சூடு ஆறும் டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு சந்தேகம்: புதுக் கேஸ்கட் போட்ட பிறகு பைப்பை ஹெட்டில் பிடிக்கும் நட்டை மறுபடி இறுக்க வேண்டுமா?

லேத்பட்டறை | ஞாயிறு, இரவு 9.30

ஆமாம் தம்பி. 100 கிமீ ஓடினதும் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஒரு தடவை பாருங்கள், கேஸ்கட் அமுங்கி நட்டு லேசாகத் தளர்ந்திருக்கும். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஒன்றையே முழுக்க இறுக்கினால் விளிம்பு சாயும். ஸ்டட்டில் சூடு தாங்கும் காப்பர் கிரீஸ் துளி வையுங்கள், அடுத்த முறை கழற்றும்போது உடையாது.

அந்த 4,800 ரூபாய் சைலன்சரை விற்றுவிடாதீர்கள். இந்தப் பக்கம் வந்தால் கொண்டுவாருங்கள், அதையும் அறுத்துப் பார்ப்போம்.